பார்டர் அண்ணன் போட்ட வேலி

இந்திய நாட்டு எல்லைகளிலேயே பலத்த பாதுகாப்போடு இருந்தது கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் எங்கள் தெருவின் கீழ்க்கோடிதான் என்று எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். எதிரி நாட்டுக்காரன் ஒருத்தன்கூட அதைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வந்ததெல்லாம் காட்டுமாடுகள்தான். அவை தினமும் வந்தன.

அந்த எல்லையைக் கட்டிக் காத்தவரின் பெயர் பார்டர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் முதல் கோயில் வசூலுக்கு வருபவர் வரை எல்லோருக்கும் அது பார்டர் வீடு. அவர் மனைவி பாக்கியம் அக்காவே தொலைபேசியில் "பார்டர் சம்சாரம் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். நாங்கள் குடிபோன புதிதில் அந்தப் பெயரைக் கேட்டதும், சேலை வியாபாரம் செய்பவர் போல என்று என் மனைவி நினைத்தாள். பத்தாம் வகுப்பில் பார்டர் மார்க் வாங்கிப் பாஸானவராக இருக்கும் என்று நான் நினைத்தேன்.

என் மனைவிக்கு அங்கே கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. எனக்கு வீட்டிலிருந்தபடியே பத்திரிகைகளுக்கு எழுதும் வேலை. அதை வேலை என்று ஒத்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் இல்லை. சாமான் இறக்கிய மறுநாளே ஒருவர் வாசலில் வந்து நின்றார். கம்பளிக் குல்லா, காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். கையில் கடப்பாரை.

"சார் என்ன சோலி பாக்குறீங்க?"

"எழுதுறேன்."

"பரீட்சைக்கா?"

"இல்லண்ணே, பத்திரிகைக்கு."

அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். "பரவால்ல விடுங்க. கையி காலு நல்லாத்தேன இருக்கு? நமக்கு ஆளுக வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எதற்கு ஆள் வேண்டும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு முதுகெலும்பால் தெரிந்துகொண்டேன்.

பார்டர் அண்ணன் மேல்மலைப் பக்கம் பூண்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பூண்டுக்கு மண் அணைத்துக் கொண்டிருந்தவரை ஒரு காண்டிராக்டர் வடக்கே அழைத்துப் போனார். போனவர் நாட்டின் எல்லையில் வேலி கட்டும் வேலையில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, மீசை நரைத்த பிறகுதான் திரும்பினார். மேற்கே மணலில் கொஞ்ச காலம், கிழக்கே ஆறும் சேறுமான ஊர்களில் ரொம்ப காலம். துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் துப்பாக்கி பிடித்தவர்கள் நின்ற இடமெல்லாம் தான் போட்டது என்பார். அது பொய்யுமல்ல.

வேலி என்றால் கம்பி கட்டுவது என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குக் கண் சிவந்துவிடும்.

"கம்பிய எந்தக் கழுதையும் கட்டும் சார். வேலி நிக்கணும்னா பக்கத்துல ரோடு வேணும், ரோந்து போறதுக்கு. ரோடு நிக்கணும்னா வாய்க்கா வேணும். தண்ணிக்கு வழி விட்டாத்தேன் மத்தது எல்லாம். ஒரு மழையில பாத்துக்கங்க, எங்க ரோடு அம்புட்டும் ஆத்தோட போயிருச்சு. வேலிக்காலு மட்டும் அந்தரத்துல தொங்குது. எதிர்க்கரைக்காரன் கைகொட்டிச் சிரிக்கிறான்!"

இந்தத் தத்துவத்தை ஒருநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு இலையிலேயே செய்து காட்டினார். சோற்றை நீளமாக அணைத்து ரோடு போட்டார். முருங்கைக்காய்த் துண்டுகளை வரிசையாக நட்டு வேலி கட்டினார். "இப்ப மழை" என்று ரசத்தை ஊற்றினார். ரோடு கரைந்தது, முருங்கைக்காய் சாய்ந்தது. "பாத்தீங்களா? இப்ப வாய்க்கா வெட்டுறேன்" என்று விரலால் ஒரு கோடு இழுத்து மறுபடியும் ரசத்தை ஊற்றினார். என்ன அற்புதம்! சோறு அசையவில்லை. ரசம் முழுவதும் ஒரே ஓட்டமாக ஓடி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் மடியில் வடிந்தது.

"தண்ணி போயிருச்சுல்ல?" என்றார் பெருமையாக.

"எங்கிட்டுப் போச்சுன்னு பாருங்க" என்றார் பாக்கியம் அக்கா.

பார்டர் அண்ணனின் எல்லா வேலைகளிலும் இந்த இரண்டாவது கேள்வி விட்டுப் போய்விடும். அதைக் கேட்கத்தான் அக்கா இருந்தார்.

எங்கள் தெரு மெயின்ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சரிவு. கீழ்க்கோடியில் இடப்பக்கம் பார்டர் வீடு, வலப்பக்கம் இன்னாசி அண்ணன் வீடு. அதற்கப்பால் ஓர் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. இன்னாசி அண்ணன் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓடைக் கரையில் அவருக்கு ஒரு சின்னத் தோட்டம், அதில் பீட்ரூட், பூண்டு, ஓரத்தில் ஒரு பேரிக்காய் மரம்.

அந்த வருஷம் காட்டுமாடுகள் காட்டிலிருந்து ஓடையைத் தாண்டித் தெருவுக்குள் வர ஆரம்பித்தன. கொடைக்கானலில் இது அதிசயமில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருகின்றன. ஆனால் எங்கள் வாசலிலேயே ஒன்று படுத்து அசைபோட ஆரம்பித்தபோது விஷயம் முற்றிவிட்டது. ஒரு லாரி படுத்திருந்தது போல இருந்தது. என் மனைவி கல்லூரிக்குப் போன் செய்து, "காட்டுமாடு எழுந்ததும் வர்றேன் மேடம்" என்றாள். அவர்களும் சாதாரணமாக, "சரிம்மா, மெதுவா வா" என்றார்கள்.

அன்று சாயங்காலம் பார்டர் அண்ணன் தெரு முழுவதையும் தன் வாசலில் கூட்டினார். "இது ஊடுருவல்" என்றார். அந்தச் சொல்லை அவர் உச்சரித்த விதத்தில் எங்களுக்கெல்லாம் நாட்டுப்பற்று வந்துவிட்டது. வந்த வேகத்தில் தலையாட்டிவிட்டோம்.

அடுத்த சில வாரங்களை என் உடம்பு மறக்காது. முதலில் தெரு நெடுக, மேலிருந்து கீழ்க்கோடி வரை வாய்க்கால். பிறகு வாய்க்கால் ஓரமாகக் கல் பரப்பி ரோடு. கடைசியாகக் கீழ்க்கோடியில் குறுக்காக இரும்புக் கால்களில் நாலு வரிசை முள்கம்பி. நான் கால்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தேன். தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கு அதுதான் தருவார்களாம்.

"ஆடாமப் புடிங்க சார்! எழுதுற கையின்னா இப்பிடியா நடுங்கும்?"

"குளிருதுண்ணே."

"நானெல்லாம் ஆத்துப் பனியில இடுப்பளவு தண்ணியில நின்னு புடிச்சிருக்கேன். இந்தியா பூரா என்னிய நம்பித் தூங்குச்சு."

"இந்தியா தூங்குச்சு. நாந்தேன் தூங்கல, ஒத்தையில பிள்ளைகள வளத்துக்கிட்டு" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும்.

ஒரு சிக்கல் இருந்தது. ஓடைக்கரை மண் ஈரமாக இருந்ததால் அங்கே கால் நட முடியவில்லை. அதனால் வேலியை மேட்டுக்குத் தள்ளிப் போட்டார். இன்னாசி அண்ணனின் வீடு வேலிக்கு இந்தப் பக்கமும், தோட்டம் அந்தப் பக்கமும் ஆகிவிட்டன. "அதெல்லாம் பார்டர்ல சகஜம். வேலிக்கு அங்கிட்டு நெலம் உள்ளவகளுக்கு கேட்டு வெச்சுருவோம். காலையில தெறப்போம், சாயங்காலம் அடைப்போம்" என்று சொல்லி, ஒரு கேட் வைத்துப் பூட்டும் போட்டு, சாவியைத் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டார். அதைவிடக் கொடுமை, காலையில் இன்னாசி அண்ணன் தோட்டத்துக்குள் போனதும் பின்னாலேயே பூட்டிவிடுவார். சாயங்காலம் வந்துதான் திறப்பார்.

"ஏலே, என் தோட்டத்துக்கு நான் போக ஒன் இடுப்புச் சாவியா? மத்தியானம் கஞ்சி குடிக்க நான் எப்பிடி வர்றது?" என்றார் இன்னாசி அண்ணன்.

"தூக்குவாளியில கொண்டு போப்பா. அங்கெல்லாம் அப்பிடித்தேன்."

வேலி முடிந்த மறுநாள் காலை கதவைத் திறந்தால், என் வாசலில் மூன்று காட்டுமாடுகள். கீழ்ப்பக்கம் அடைத்துவிட்டதால், அவை காட்டைச் சுற்றி மெயின்ரோட்டுக்குப் போய், மேல்பக்கமாக நடந்து வந்திருந்தன. முன்பு சேறும் சகதியுமாகச் சிரமப்பட்டு வந்தவை இப்போது நாங்கள் போட்ட கல் ரோட்டில் குளம்பு நோகாமல் வந்தன.

பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்தார். "ரோடு நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு வருதுக" என்றார்.

பார்டர் அண்ணன் மனம் தளரவில்லை. தெருவின் மேல்முனையில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டி, ஏற்றி இறக்கும் தடுப்பாக்கினார். பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, காக்கிச் சட்டையும் விசிலுமாகத் தானே உட்கார்ந்தார். அதில்தான் அவர் புகழ் திண்டுக்கல் வரைக்கும் பரவியது. சீசன் நேரம். வழி தவறி வந்த சுற்றுலாக் கார்கள் மூங்கிலையும் காக்கியையும் பார்த்துத் தாமாகவே நின்றன. கண்ணாடியை இறக்கி, மலைக்கு வர வாங்கிய இ-பாஸைச் செல்போனில் எடுத்து நீட்டினார்கள். பார்டர் அண்ணனும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை நிதானமாகப் பார்ப்பார்.

"எங்கிட்டு இருந்து வர்றீங்க?"

"திருச்சி சார்."

"எத்தன பேரு? பின்னாடி யாரு, மாமியாரா? ஸ்வெட்டர் இல்லாம ஏன் கூட்டியாந்தீங்க? எறங்கி டீ குடிச்சுட்டுப் போங்க."

அந்த டீயைப் போடுவது பாக்கியம் அக்கா. ஒரு குடும்பம் டீ குடித்துவிட்டு, "இந்த செக்போஸ்ட்ல உள்ளவங்க ரொம்ப நல்லவங்க" என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனது. கார்கள் எல்லாம் நின்றன. காட்டுமாடுகள் மட்டும் மூங்கிலை மூக்கால் தூக்கிவிட்டு உள்ளே வந்தன.

இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் பிரமாதமாக வேலை செய்தது. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. அத்தனையும் ஒரே ஓட்டமாக ஓடி இன்னாசி அண்ணனின் பூண்டுப் பாத்தியில் போய் நின்றது. பாதிப் பூண்டு அழுகிவிட்டது. அன்றிலிருந்து அவர் பார்டர் அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் கேட்டுக்கு வந்து காறித் துப்பிவிட்டு நிற்பார். இவர் விசில் ஊதிவிட்டுத் திறப்பார். அவ்வளவுதான்.

தீபாவளி வந்தது. காலையில் பார்டர் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு என்னிடம் வந்தார். கையில் ஒரு டப்பா நிறைய அதிரசம்.

"சார், எல்லையில எம்புட்டுப் பகை இருந்தாலும் பண்டிகைக்கு ரெண்டு பக்கமும் கேட்டுல நின்னு இனிப்புக் கொடுத்துக்குவாக. நம்மளும் செய்யணும். நீங்க நடுவுல நிக்கணும்."

"நான் எதுக்குண்ணே?"

"நீங்கதேன் சோலி இல்லாத ஆளு. ரெண்டு பக்கமும் சேராதவரு."

இன்னாசி அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர், நடுவில் நான். பார்டர் அண்ணன் விறைப்பாக நின்று அதிரசத்தை நீட்டினார். இன்னாசி அண்ணன் என்னைப் பார்த்துப் பேசினார்.

"சார், அந்தாளு எம் பூண்டுக்குப் பதில் சொல்லட்டும்னு சொல்லுங்க."

நான் இரண்டடி தூரத்தில் நின்ற பார்டர் அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

"வாய்க்காலத் திருப்பி விட்டுடறேன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

அதையும் சொன்னேன்.

"என்னைக்குன்னு கேளுங்க."

"மழை விடட்டும்னு சொல்லுங்க."

"அதுவரைக்கும் அதிரசம் வேணாம்னு சொல்லுங்க."

எல்லையில் அமைதிப் பேச்சு முறிந்தால் இனிப்பை என்ன செய்வார்கள் என்று பார்டர் அண்ணனுக்குத் தெரியவில்லை. நான் தின்றேன்.

அதற்குப் பிறகு ஒரு தூறல் காலையில் அது நடந்தது. இன்னாசி அண்ணன் வழக்கம்போலத் தோட்டத்துக்குள் போயிருந்தார். கேட் பூட்டியாகிவிட்டது. மேலே மூங்கிலைப் பால் வண்டிக்காரர் தூக்கிவிட்டு இறக்காமல் போயிருந்தார். அந்த வழியாக ஒரு காட்டுமாட்டுக் கன்று தனியாகத் தெருவுக்குள் இறங்கி, ரோட்டோடு நேராகக் கீழே வேலி வரைக்கும் வந்துவிட்டது. வந்த வழி அதற்குத் தெரியவில்லை. கத்தியது. சற்று நேரத்தில் ஓடைப் பக்கமிருந்து தாய் வந்தது.

நான் சத்தம் கேட்டு ஓடிப் போனபோது, வேலிக்கு உள்ளே கன்று. வெளியே கேட்டை அடைத்துக்கொண்டு தாய். அதன் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் இன்னாசி அண்ணனைக் காணவில்லை. பிறகு பார்த்தால் பேரிக்காய் மரத்தின் மேல் இருந்தார். மரம் அவர் பாரத்துக்கு வளைந்திருந்தது. தாய்மாடு திரும்பித் திரும்பி அந்த மரத்தைத்தான் பார்த்தது. கன்றைப் பிடித்து வைத்திருப்பது மரத்திலிருக்கும் ஆள்தான் என்று அது நினைத்ததோ என்னவோ, ஒரு தடவை ஓடிப்போய் மரத்தை முட்டியது. இன்னாசி அண்ணன், "மாதாவே!" என்று அலறினார்.

அதுவரைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் வனத்துறைக்குப் போன் செய்தேன். வேறொரு பக்கம் இன்னொரு மாட்டைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். "வந்துக்கிட்டே இருக்கோம்" என்றார்கள்.

பார்டர் அண்ணன் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றார். கேட்டருகே போக வழியில்லை. மாடு மறுபடியும் மரத்தை முட்டியது. ஒரு கிளை முறிந்து விழுந்தது.

பாக்கியம் அக்கா வீட்டுக்குள்ளிருந்து கட்டிங் பிளேயரோடு ஓடி வந்தார். "இந்தாங்க. நம்ம வீட்டுப் பக்கமா அத்து விடுங்க. கன்னு வெளிய போயிரும்."

அவர் அதை வாங்கவில்லை. "பாக்கியம், நாலு வரிசை..."

"அந்த மனுசன் விழுந்தாருன்னா நாலு வரிசையும் நாக்கப் புடுங்கிக்கவா? வெரசா வெட்டுங்க!"

அவர் வெட்டினார். நான் கம்பியைப் பிடித்தேன். ஒவ்வொரு கம்பியும் தெறித்து விழும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ ஊர்களில் கட்டிய மனிதர், வெட்டியது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார். அக்கா முட்டைக்கோஸ் இலைகளை வழிநெடுகப் போட்டுக்கொண்டே பின்வாங்கினார். கன்று ஒவ்வொன்றாக மோந்துகொண்டு வந்து, திறப்பைக் கண்டதும் ஒரே தாவலில் வெளியே போனது. தாய் அதை நக்கிப் பார்த்தது. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு கன்றை முன்னால் விட்டுக்கொண்டு ஓடையில் இறங்கிப் போய்விட்டது.

"இன்னாசி, எறங்குப்பா! போயிருச்சு" என்று கத்தினார் பார்டர் அண்ணன். இருவரும் நேருக்கு நேர் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மரத்திலிருந்து பதில் வந்தது. "எறங்க மாட்டேன். இது கேட்டு தெறக்குற நேரமா? சாயங்காலந்தேன தெறப்ப? சாயங்காலமே எறங்குறேன்."

"ஏலே, விளையாடாத. கையி நடுங்குது பாரு."

"எனக்குக் குளிருதுடா" என்றார் அவர். பிறகுதான் அழுதார். அழுதுகொண்டே இறங்கினார். பார்டர் அண்ணன் பாதி தூரத்திலேயே அவரைத் தாங்கிப் பிடித்து, கீழே இறக்கி, தன் கம்பளிக் குல்லாவைக் கழற்றி அவர் தலையில் மாட்டினார். அந்த வழுக்கைத் தலையை நாங்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தோம்.

அன்று மத்தியானம், கம்பியை வெட்டிய இடத்தில் இரண்டு அண்ணன்களும் நானும் உட்கார்ந்திருந்தோம். "எப்பண்ணே திரும்பக் கட்டணும்? நான் கால் பிடிக்கிறேன்" என்றேன். பார்டர் அண்ணன் வெட்டிய கம்பியைச் சுருட்டி ஓரமாக வைத்தார்.

"கிழக்க நான் இருந்த எடத்துல, வேலிக்கு அங்கிட்டு அஞ்சாறு வீடு தங்கிருச்சு சார். நம்ம நாட்டுச் சனந்தேன். அதுல ஒரு அம்மா. மகள வேலிக்கு இங்கிட்டுக் கட்டிக் கொடுத்திருந்துச்சு. கேட்டு அடைச்சப்பெறகு அந்தம்மா அங்கிட்டு நின்னு டார்ச் லைட்ட ஆட்டும். மக இங்கிட்டு இருந்து ஆட்டும். சாப்புட்டாச்சு, படுக்கப் போறேன்னு அர்த்தம். நாங்க வேலி நெடுகப் பெரிய லைட்டுப் போட்டோம். பகல் மாதிரி ஆயிருச்சு. எல்லாரும் கைதட்டுனாக. மறுநாள் அந்த மக எங்கிட்ட வந்து, 'அண்ணே, அம்மா டார்ச்சு தெரியல'ன்னு சொல்லுச்சு."

"நீ என்ன செஞ்ச?" என்றார் இன்னாசி அண்ணன்.

"என்ன செய்ய? லைட்டு நாட்டுக்கு வேணும்ல. போட்டது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பிள்ளைக்குச் சொல்லப் பதில் இல்ல." ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். "இங்க யாரு நாட்டுக்குன்னு கேக்கப் போறா? கெடக்கட்டும் சார், தெறந்தே கெடக்கட்டும்."

அது திறந்தே கிடந்தது. மறுவாரமே வாய்க்காலையும் ஓடைப் பக்கம் திருப்பி விட்டார். அதற்கும் நான்தான் மண் அள்ளினேன். மீதி வேலியில் இன்னாசி அண்ணன் சவ்சவ் கொடியை ஏற்றிவிட்டார். காய்த்துத் தள்ளியது. காட்டுமாடுகள் அந்தத் திறப்பு வழியாக வந்து, சவ்சவ்வைத் தின்றுவிட்டு, மேல்வழியாகப் போயின. இரண்டு அண்ணன்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, "இது நேத்து வந்தது இல்ல, வேற" என்று சண்டை போட்டுக்கொண்டு பார்ப்பார்கள்.

மனைவிக்கு மதுரையில் வேலை கிடைத்து நாங்கள் மலையிறங்கி இரண்டு வருஷமாகிறது. இப்போது குடியிருப்பது பெரிய காலனி. மழை பெய்தால் வாசலில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். டிவியில் மதுரையில் மழை என்று சொன்னதும் எனக்கு ஒரு போன் வரும்.

"சார், வாசல்ல தண்ணி நிக்குதா?"

"இல்லண்ணே, சுத்தமா வடிஞ்சிருச்சு" என்பேன், வேட்டியைத் தூக்கிக் கட்டியபடி தண்ணீரில் நின்றுகொண்டு.

உண்மையைச் சொன்னால் போதும், கடப்பாரையோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு, இந்த வயதில். அதனால்தான் பொய் சொல்கிறேன். சொல்லி முடித்துப் போனை வைத்த பிறகு, வந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு மழைக்கும் தோன்றுகிறது.